சங்கரி கத்தி

அந்த வீடியோவை மாணிக்கவேலுக்கு முதலில் காட்டியவள் அவன் மனைவி கிருஷ்ணவேணி. பட்டறையிலிருந்து அவன் கூரத்து வீட்டுக்கு வந்து, வண்டியை நிறுத்தி ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை, கைப்பேசியை முகத்துக்கு நேரே நீட்டிவிட்டாள்.

"இந்தாங்க, பாருங்க. நம்ம சங்கரி! நாலு லட்சம் பேரு பாத்துருக்காங்க."

ஒரு நிமிடம்கூட ஓடாத வீடியோ. ரப்பர் கையுறை போட்ட இரண்டு கைகள் ஓர் உயரமான பிளாஸ்டிக் டப்பாவுக்குள்ளிருந்து சமையல் கத்தி ஒன்றை மெதுவாக மேலே இழுக்கின்றன. கத்தி முழுக்கத் தார் பூசியதுபோலக் கறுப்பு. குழாயடியில் காட்டியதும் கறுப்பு வழிந்து ஓடுகிறது. அடியிலிருந்து கோடு கோடாக, சுழி சுழியாக ஒரு வடிவம் எழுந்து வருகிறது. அதற்கப்புறம் சங்கரியின் முகம். நெற்றியில் விபூதிக் கீற்று, மூக்கு நுனியில் வியர்வை. கேமராவைப் பார்க்காமல் கத்தியை மட்டும் பார்த்துச் சிரிக்கிறாள்.

மாணிக்கவேல் திரும்பவும் ஒரு முறை ஓட்டிப் பார்த்தான். இந்த முறை பின்னாலிருந்து ஒரு சத்தம் காதில் விழுந்தது. டங், டங், டங். தடுப்புக்கு அந்தப் பக்கம் அவன் அடித்துக்கொண்டிருந்த சுத்தியல்.

கீழே கருத்துகள் நீண்டுகொண்டே போயின. 'அக்கா கைல ஏதோ இருக்கு.' 'இந்த டிசைனை எப்படி வரையிறாங்க?' 'சங்கரி கத்தி எங்கே கிடைக்கும்?' ஒருவர் எழுதியிருந்தார்: 'வீடியோ சூப்பர். பின்னாடி யாரோ தட்டிக்கிட்டே இருக்காங்க, அது மட்டும் டிஸ்டர்ப்.'

"நீங்களும் ஒரு ஓரமா நின்னுருக்கலாம்," என்றாள் கிருஷ்ணவேணி.

"சோத்தப் போடு," என்றான் மாணிக்கவேல்.

அந்த டிசைனை யாரும் வரையவில்லை. அது எஃகுக்குள்ளேயே இருந்தது. அதை உள்ளே வைத்தவன் மாணிக்கவேல். அமிலம் பட்டால் கறுத்துப்போகும் எஃகு ஒன்று, எத்தனை அமிலம் பட்டாலும் வெள்ளையாகவே நிற்கும் நிக்கல் எஃகு ஒன்று. இரண்டையும் தகடு தகடாக மாற்றி மாற்றி அடுக்கி, உலையில் வைத்து, இரும்பு ஒட்டுவதற்காக வெங்காரப் பொடி தூவி, மஞ்சளாகப் பழுத்ததும் அடித்து ஒன்றாக்குவான். நீட்டுவான், வெட்டுவான், மடிப்பான், திரும்ப அடிப்பான். முறுக்குவான். ஒரு கத்திக்கு இரண்டு நாள் உலை முன்னால் நிற்க வேண்டும். அத்தனையும் முடிந்து, பட்டை தீட்டி, பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கித் தோய்ச்சல் கொடுத்து வைத்தால், பார்ப்பதற்குப் பத்துக் கடையில் கிடைக்கும் சாதாரண சாம்பல் நிறக் கத்தி மாதிரிதான் இருக்கும். உள்ளே நூற்றிருபது அடுக்கு இருப்பது அவனுக்கு மட்டுமே தெரியும்.

மற்றவர்களுக்குத் தெரிய வைப்பது சங்கரி. சொரசொரப்பான உப்புத்தாளில் தொடங்கி, பட்டுப்போன்ற தாள் வரைக்கும் எட்டு வகைத் தாளால் கையாலேயே தேய்ப்பாள். ஒரு கீறல் மிச்சமிருந்தாலும் அமிலம் அதைப் பெரிதாக்கிக் காட்டிவிடும். அசிட்டோனால் எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, அமிலத்தில் முக்கி, எடுத்து, ஆப்ப சோடா கரைத்த தண்ணீரில் அலசி, திரும்பத் தேய்த்து, திரும்ப முக்கி, கடைசியாகக் கெட்டியாகக் கரைத்த இன்ஸ்டன்ட் காபியில் ஊறப் போடுவாள். காபியில் ஊறினால் கறுப்பு ஆழமாகும். கொட்டகைக்குள் எப்போதும் காபி வாசனை அடிப்பதால், வருகிறவர்கள் "ஒரு காபி கிடைக்குமா?" என்று கேட்டுவிட்டு அசடு வழிவார்கள்.

இரண்டு பேரும் முன்பு ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தவர்கள். மாணிக்கவேல் உலைப் பிரிவு. விவசாயக் குடும்பம், ஐ.டி.ஐ. படித்துவிட்டு நிலத்தை அண்ணனிடம் விட்டுவிட்டுப் போனவன். சங்கரி அவனைவிடப் பத்து வயது சின்னவள். பிள்ளையார்பாளையத்து நெசவுக் குடும்பம், உலோகவியலில் டிப்ளமோ, தரப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அவன் அடித்து அனுப்பும் தண்டுகளில் ஒன்றை அறுத்து, முகம் தெரியும்படி தேய்த்து, அமிலம் தடவி, உள்ளே சரியாக இருக்கிறதா என்று பார்த்து எழுதுவாள். அந்தப் பிரிவையே வேறு மாநிலத்துக்கு மாற்றியபோது இருவருக்கும் வேலை போனது. செவிலிமேட்டில், பாலாற்றுப் பக்கம் ஒரு கொட்டகையை மாணிக்கவேல் பிடித்தான். "நீ வந்தீன்னா பண்ணலாம்மா," என்று அவன்தான் அவளைக் கூப்பிட்டான். அது ஐந்து வருடத்துக்கு முன்னால். ஒவ்வொரு கத்தியின் கைப்பிடிக்கு மேலேயும் 'மாணிக்கம்' என்று சின்னதாக முத்திரை குத்தி இருக்கும்.

வீடியோ எடுத்தவள் துளசி. சென்னையில் ஒரு ஓட்டலில் தலைமைச் சமையல்காரி. கத்தி வாங்க வந்தவள், சும்மா எடுத்துப் போட்டாள். அதற்கப்புறம் பட்டறை தொலைபேசி ஓயவில்லை.

"சங்கரி மேடம் இருக்காங்களா?"

"நான் மாணிக்கவேல் பேசறேன். சொல்லுங்க."

"அவங்க அசிஸ்டெண்டா சார்? அவங்களாண்ட கொஞ்சம் குடுங்களேன்."

அவன் கொடுத்தான். தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று, அவள் பேசுவதைக் கேட்டான். "இல்லைங்க, டிசைன் அண்ணன் அடிக்கிறது. நான் பாலிஷ்தான்," என்று அவள் ஒவ்வொருவரிடமும் சொல்லத்தான் சொன்னாள். சொல்லாமல் இருந்திருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். திட்டவாவது காரணம் கிடைத்திருக்கும்.

மெல்ல மெல்ல அவன் கெட்டுப்போனான். அவள் தேய்த்து வைத்ததை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்து, இல்லாத கீறலைத் தேடினான். யாராவது கத்தியைப் பார்த்து 'ஆஹா' என்றால், "பாலிஷ் யாரு வேணா போடலாங்க, அடிக்கிறதுதான்..." என்று ஆரம்பித்துவிட்டு முடிக்காமல் விட்டான். முத்திரையை முன்பைவிட ஆழமாகக் குத்தினான். சாப்பாட்டு வேளையில் அவள் கைப்பேசியை எடுத்துச் சிரித்தால், கருத்துகளைத்தான் படிக்கிறாளோ என்று தோன்றும். அவள் பையன் அனுப்பிய ஏதோ ஒன்றைப் பார்த்துச் சிரித்திருப்பாள். கிருஷ்ணவேணிக்குத் தெரியாமல் அவனும் அந்த வீடியோவை எடுத்துப் பார்ப்பான். நாலு லட்சம் ஆறு ஆனது. ஒன்பது ஆனது. அவனுடைய சுத்தியல் ஒன்பது லட்சம் பேருக்கு இடைஞ்சலாக அடித்துக்கொண்டே இருந்தது.

ஒருநாள் நாத்தனார் வளைகாப்பென்று சங்கரி விடுப்பு எடுத்தாள். மாணிக்கவேல் உலையை மூட்டவில்லை. அவள் மேசையில் உட்கார்ந்தான். ஒரு சின்னக் கத்தியை எடுத்து, எட்டுத் தாளையும் வரிசையாக வைத்துத் தேய்த்தான். பதினொரு மணிக்கெல்லாம் தோள் பிடித்துக்கொண்டது. முப்பது கிலோ இரும்பைத் தூக்குகிற தோள். கண்ணுக்குக் கண்ணாடிபோலத் தெரிந்ததும் அமிலத்தில் முக்கினான். பத்து நிமிடம் கழித்து எடுத்து அலசினான்.

டிசைன் வந்தது. அதன்மேல் அவன் தேய்த்த கீறல் ஒவ்வொன்றும் மீன் முள்ளைப் போல எழுந்து நின்றது. நடுவில் அவன் கட்டைவிரல் பட்ட இடம் திட்டாக, ரேகையோடு, வெள்ளையாக விட்டுப் போயிருந்தது. அவன் நாலு நாளாக யோசித்து முறுக்கிய சுழிகள் அதற்கடியில் அழுக்குத் துணி மாதிரி தெரிந்தன. யாரும் பார்ப்பதற்குள் பெல்ட் மெஷினில் வைத்து எல்லாவற்றையும் அரைத்துவிட்டான்.

மறுநாள் சங்கரி வந்ததும் தாள்களைப் பார்த்தாள். "யாருண்ணா என் தாளெல்லாம் எடுத்தது?" என்றாள்.

"எலி," என்றான் மாணிக்கவேல். அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை.

வைகாசியில் துளசி திரும்பக் கூப்பிட்டாள். அவளுக்குத் தெரிந்த சமையல்காரர்கள் எட்டுப் பேர், பெரிய பெரிய ஓட்டல்காரர்கள், சனிக்கிழமை வருகிறார்களாம். கத்தி முதன்முதலாக அமிலத்திலிருந்து எழுவதைக் கண்ணால் பார்க்க வேண்டுமாம். "அக்கா, முன்னாடியே முக்கிப் பாத்துடாதீங்க. நாங்க பாக்கறதுதான் ஃபர்ஸ்ட் டைமா இருக்கணும்," என்றாள். ஸ்பீக்கரில் இருந்ததால் மாணிக்கவேலுக்கும் கேட்டது. சங்கரி எப்போதும் ஆட்களுக்குக் காட்டுமுன் ஒரு முறை லேசாக முக்கிப் பார்ப்பவள். "சரிங்க, பாக்கல," என்றாள்.

அவன் மனதில் அது விழுந்தது அந்த நிமிடத்தில்தான்.

புதன்கிழமை சங்கரி காதில் அடைப்பான் மாட்டிக்கொண்டு மெஷினில் கைப்பிடிகள் அரைத்துக்கொண்டிருந்தாள். மாணிக்கவேல் தகடுகளை அடுக்கவில்லை. அலமாரியிலிருந்து ஒரே ஒரு பட்டையை எடுத்தான். கறுக்கும் எஃகு, ஒற்றைத் துண்டு. உலையில் வைத்து அடித்தான். மதியத்துக்குள் கத்தி உருவாகிவிட்டது. உள்ளே ஒன்றுமே இல்லாத கத்தி. ஆயிரம் முறை முக்கினாலும் வெறும் சாம்பல்தான் வரும். எட்டுப் பேர் சுற்றி நிற்க அவள் அதைத் தூக்கிப் பிடிப்பதை நினைத்துக்கொண்டே அடித்தான். நினைப்பு இனிப்பாக இருந்தது. தோய்ச்சல் கொடுக்கும்போது தொட்டியில் எண்ணெய் குறைந்திருந்தது. வீணாகப் போகிற கத்திக்கு எதற்கு எண்ணெய் ஊற்றுவது என்று, வெட்டும் வாய்ப்பக்கத்தை மட்டும் எண்ணெயில் படும்படி பிடித்து, முதுகு தன்னால் ஆறட்டும் என்று விட்டான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதை அவள் கையில் கொடுத்தான்.

சங்கரி முதுகுப் பக்கம் ஒரு முறை, வாய்ப் பக்கம் ஒரு முறை திருப்பிப் பார்த்தாள். "இதுதானாண்ணா நாளைக்கு?"

"ஆமாம்மா."

"எத்தினி லேயரு?"

"நூத்தி இருபது," என்றான் மாணிக்கவேல்.

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். "சரிண்ணா," என்று துணியில் சுற்றி வைத்தாள்.

சனிக்கிழமை பெருமாள் கோயில் கருட சேவைக் கூட்டத்தில் சிக்கி, துளசியின் வேன் பதினொரு மணிக்குத்தான் வந்தது. அதற்குள் சங்கரி எட்டுத் தாளும் முடித்திருந்தாள். காலையிலிருந்து அவள் அதிகம் பேசவில்லை. இரண்டு முறை தடுப்பைத் தாண்டி வந்து, "ஏதாச்சும் சொல்லணுமாண்ணா?" என்று கேட்டாள். இரண்டு முறையும் அவன் உலையைக் கிளறிக்கொண்டே, "ஒண்ணும் இல்லியே," என்றான்.

எட்டுப் பேரும் மேசையைச் சுற்றி நின்றார்கள். நாலு பேர் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தார்கள். சங்கரி கையுறை மாட்டி, அசிட்டோனால் துடைத்து, கத்தியை அமிலத்தில் இறக்கினாள். துளசி பத்து நிமிடத்துக்கு மணி வைத்தாள். மாணிக்கவேல் தடுப்பில் சாய்ந்து நின்றான். மணி அடித்தது. சங்கரி கத்தியை எடுத்துத் தண்ணீரில் காட்டினாள். கறுப்பு வழிந்தது. அடியில் சாம்பல். மறுபடி தண்ணீர். மறுபடி சாம்பல். முனையிலிருந்து கைப்பிடி வரை, மழைக்கால வானம் மாதிரி, ஒரு கோடு இல்லை.

ஒருவர் கைப்பேசியைத் தாழ்த்தினார். வெயிலில் அலைந்துவிட்டு வந்து பானைத் தண்ணீர் குடித்ததுபோல மாணிக்கவேலின் நெஞ்சுக்குள் ஜில்லென்று இறங்கியது. அவள் முகத்தைப் பார்த்தான். அதற்காகத்தான் அத்தனையும். ஆனால் அந்த முகத்தில் ஒன்றும் நடக்கவில்லை.

"இது வேற கத்தி," என்றாள் சங்கரி. "இதுக்குக் கொஞ்சம் நேரம் ஆவும். உக்காருங்க."

பஞ்சால் துடைத்தாள். சன்னல் வெளிச்சத்தில் கத்தியை ஒரு நூல் அளவு சாய்த்தாள், இன்னும் ஒரு நூல். பிறகு தன் சாப்பாட்டுப் பையிலிருந்து எலுமிச்சம்பழங்களை எடுத்தாள்.

"சாதம் கிளறப் போறீங்களா அக்கா?" என்று துளசி கேட்க, எல்லோரும் சிரித்தார்கள்.

சங்கரி பழத்தைப் பிழிந்து, மெல்லிய பஞ்சில் தோய்த்து, கத்தியின் வாய்க்கு மேலே தடவினாள். மெருகுப் பொடியால் தேய்த்தாள். கழுவினாள். திரும்ப எலுமிச்சை. இருபது நிமிடம் ஒன்றும் தெரியவில்லை. யாரோ கடிகாரத்தைப் பார்த்தார்கள். அப்புறம் துளசிதான் முதலில் "ஏய், அங்க பாரு," என்றாள்.

கத்தியின் வாயை ஒட்டி, முனையிலிருந்து அடி வரைக்கும், புகைபோல ஒரு வெள்ளைக் கோடு. கோடு என்றுகூடச் சொல்ல முடியாது. விடியற்காலையில் ஏரித் தண்ணீர் மேலே நிற்கும் பனிமாதிரி, சில இடத்தில் மேலே எழும்பி, சில இடத்தில் தணிந்து. அதற்குக் கீழே பளிச்சென்று வாய். அதற்கு மேலே கருஞ்சாம்பல்.

"இதுல லேயர் கிடையாது," என்றாள் சங்கரி. "ஒரே எஃகு. வாய்ப்பக்கம் மட்டும் எண்ணெய்ல சட்டுனு குளுந்துது, அது கெட்டியாயிடுச்சு. முதுகு மெதுவா குளுந்துது, அது மெத்துனு இருக்குது. ரெண்டும் சேர்ற எடம் இது. கம்பெனில தண்டை அறுத்துப் பாத்தா இப்படித்தான் வளையம் தெரியும். எங்க வீட்டுல புடவை நெய்யறப்ப கரையும் உடலும் சேர்ற எடத்தைக் கோர்வைம்பாங்க. அந்த மாதிரி வெச்சுக்கோங்க."

"கோர்வைக் கத்தி!" என்றாள் துளசி.

"தோய்ச்சல் அண்ணன் கை," என்று சங்கரி அவனைக் காட்டினாள். "நான் தொடச்சேன், அவ்ளோதான்."

எட்டுப் பேரும் அவன் பக்கம் திரும்பிக் கை தட்டினார்கள். தாடி வைத்த ஒருவர் கேட்டார்: "எப்படி சார் இவ்ளோ கன்ட்ரோலா பண்ணீங்க?"

மாணிக்கவேல் வாயைத் திறந்தான். "எண்ணெய்ல... ஒரு அளவா..." என்றான். சங்கரியைப் பார்த்தான். அவள்தான் மீதியையும் சொன்னாள். அவன் கையில் தற்செயலாக வந்ததை அவனைவிட நன்றாக அவள் தெரிந்து வைத்திருந்தது அவனை எரித்தது. கை தட்டல் அதைவிட எரித்தது.

வேன் போன பிறகு அவள் கையுறையைக் கழற்றிக்கொண்டே, "ஒத்த எஃகு மாறி வந்துடுச்சு போலருக்குதுண்ணா," என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"ஆமாம்மா. பட்டையை மாத்தி எடுத்துட்டேன் போல."

"சரிண்ணா." பையை மாட்டிக்கொண்டு ஷேர் ஆட்டோவுக்குப் போய்விட்டாள்.

தப்பித்தோம் என்று மாணிக்கவேல் மேசையைத் துடைக்க ஆரம்பித்தான். தட்டில் பிழிந்த எலுமிச்சை மூடிகள் கிடந்தன. கூட்டித் தள்ளப் போனவன் நின்றான். பன்னிரண்டு மூடி. ஆறு பழம். தயிர்சாதமும் ஊறுகாயும் கொண்டுவருகிறவள் எதற்கு ஆறு எலுமிச்சம்பழத்தைப் பையில் போட்டுக்கொண்டு வந்தாள்?

துடைத்த துணியைக் கையிலேயே வைத்துக்கொண்டு அவள் முக்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டில் எதிலும் ஒட்டவில்லை. கிருஷ்ணவேணி புது வீடியோவைக் காட்டினாள். இதில் அவன் இருந்தான். கை தட்டல் நடுவில், திருடனைப் பிடித்து நிறுத்தினாற்போல விழித்துக்கொண்டு.

"பாத்தீங்களா, இதுல நீங்களும் கீறீங்க. இப்ப சந்தோசம்தானே?"

"நிறுத்து அதை," என்று கத்தினான். அவள் திகைத்துப்போய் நிறுத்தினாள்.

திங்கட்கிழமை சங்கரிக்கு முன்னாலேயே கொட்டகையைத் திறந்து காத்திருந்தான். சங்கரி வந்து பையை ஆணியில் மாட்டும்போதே சொல்லிவிட்டான்.

"பட்டை மாறல சங்கரி."

"தெரியும்ணா."

"எப்போலருந்து?"

"புதன்கிழமை சாயங்காலம் பெருக்கறேன், தரையில ஒரு சொட்டு வெங்காரம் இல்ல. லேயர் அடிச்சா கண்ணாடிச் சில்லாட்டம் சுத்தி ஒட்டிக்கினு கெடக்கும், சுரண்டித்தான் எடுக்கணும். சும்மா சோதனைக்கு எதோ அடிச்சிருக்கீங்கன்னு நெனச்சேன். வெள்ளிக்கிழமை அதையே கையில குடுத்து நூத்தி இருபதுன்னீங்க." அவள் மேசைமேல் கிடந்த தாளை எடுத்து மடித்தாள். "முதுகுல எண்ணெய் கருகின அடையாளம் இல்ல. வாய்ப்பக்கம் மட்டும்தான் இருந்துது. அந்தக் கோடாச்சும் கெடைக்கும்னு ஒரு நம்பிக்கையில பழம் எடுத்தாந்தேன். கெடைக்காமலும் போயிருக்கலாம்."

"அப்பவே கேட்டிருக்கலாமேம்மா."

"கேட்டேனே. ரெண்டு தரம் வந்து நின்னேனே. வண்டி வந்து நின்னப்புறம்கூட, இப்பச் சொல்லுவாரு, இப்பச் சொல்லுவாருன்னு பாத்துக்கினுதான் இருந்தேன்."

மாணிக்கவேல் உலை மேடையில் உட்கார்ந்தான். நாற்பத்தைந்து வயதில் இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. தெரிந்த வார்த்தையிலேயே சொன்னான்.

"பொறாமைம்மா. வேற ஒண்ணும் இல்ல. ரெண்டு நாள் நெருப்புல நிக்கறவன் நானு. எல்லாரும் உன்னைக் கேக்கறாங்க. என் சுத்தியல் சத்தம் தொந்தரவா இருக்குதுன்னு ஒருத்தன் எழுதறான். தாங்க முடியல. எட்டு பேரு முன்னாடி நீ முழிச்சிக்கினு நிக்கறதைப் பாக்கணும்னு ஆசப்பட்டுட்டேன்."

சங்கரி மேசையிலிருந்து ஒரு கத்தியை எடுத்து, முத்திரை இருந்த பக்கத்தை அவன் முன்னால் வைத்தாள்.

"இது யாரு பேருண்ணா?"

அவன் முத்திரையைக் கட்டைவிரலால் தொட்டான்.

"அஞ்சு வருசமா இந்தப் பேரைச் சுத்தித்தான் தாள் போட்டுக்கினு இருக்கேன். ஓரம் மழுங்கிடக் கூடாது, எழுத்து அழிஞ்சிடக் கூடாதுன்னு தாளை விரல் அகலத்துக்குக் கிழிச்சு, அந்த எடத்துக்கு மட்டும் அரை மணி நேரம். எனக்கு மட்டும் ஒண்ணும் தோணியிருக்காதா? தோணுச்சு. நெறைய நாளு தோணுச்சு. ஆனா ஒரு நாளும் அந்த எழுத்தை அழிக்கல."

"உன் பேரையும் போட்டுடலாம்மா. இன்னிக்கே முத்திரை செஞ்சு..."

"இன்னிக்கு வேணாம்ணா," என்றாள். "இன்னிக்கு நீங்க குடுத்தா, அது தப்புக்குக் குடுக்கற மாதிரி இருக்கும். எனக்கு அப்படி வேணாம்."

அந்த மாதக் கடைசியோடு அவள் நின்றுகொண்டாள். சண்டை இல்லை. கையிலிருந்த ஏழு கத்தியையும் முடித்துக் கொடுத்தாள். அமில டப்பாவை மட்டும் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். அவனே ஆட்டோவில் ஏற்றிவிட்டான். பிள்ளையார்பாளையத்தில் அவள் கணவன் குமாரசாமி தறி போட்டிருக்கும் முன் அறையில், சன்னலோரமாக மேசை போட்டுக்கொண்டாள்.

கோர்வைக் கத்தி கேட்டு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். மாணிக்கவேல் எண்ணெயை அளந்து அளந்து தோய்ச்சல் கொடுத்தான். பத்தில் ஆறு வாய் வெடித்தது, அல்லது கோணியது. பொறுப்பில்லாமல் செய்தபோது வந்த ஒன்று, பொறுப்பாகச் செய்யும்போது வர மறுத்தது. சரியாக வந்ததுபோலத் தெரிந்த நாலை எடுத்துக்கொண்டு ஆடி மாதத்தில் ஒருநாள் பிள்ளையார்பாளையம் போனான். வேறு யாரிடம் போவது? முன்பே இரண்டு கத்தியை வேறு ஒருவரிடம் பாலிஷுக்குக் கொடுத்துப் பார்த்தும் இருந்தான். அந்த இரண்டு கத்தியையும் யாரிடமும் காட்டவில்லை.

வாசலில் செருப்பைக் கழற்றும்போது தறிச் சத்தம் நின்றது. குமாரசாமி எட்டிப் பார்த்து, "வாங்கண்ணா," என்றான். அவனுக்கு எல்லாம் தெரியும் என்பது அவன் பார்வையிலேயே இருந்தது. ஆனாலும் நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டுத் தறிக்குத் திரும்பினான்.

சங்கரி நாலு கத்தியையும் வாங்கி ஒவ்வொன்றாகச் சாய்த்துப் பார்த்தாள். "இதுல வரும். இதுலயும் வரும். இது சந்தேகம். இது வராதுண்ணா, எடுத்துட்டுப் போயிடுங்க."

முன்பு அவனுடைய தண்டுகளைத் தள்ளிவைத்த அதே குரல். அவன் எதுவும் சொல்லாமல் நாலாவதைப் பையில் போட்டுக்கொண்டான். அப்போதுதான் மேசையின் மறுகோடியில் இன்னொரு கத்தி கிடப்பதைப் பார்த்தான்.

நேற்றுதான் காபியிலிருந்து எடுத்திருக்க வேண்டும். முழுதாகக் கறுத்து, வெள்ளைக் கோடுகள் நீரில் விழுந்த நட்சத்திரம்போல வரிசையாக விரிந்து விரிந்து சுருங்கின. ஒரு நட்சத்திரம்கூடக் கோணவில்லை. கைப்பிடிக்கு மேலே ஒரு பக்கம் யாருடையவோ முத்திரை. மறுபக்கம், அரிசி அளவுக்கு, 'ச'.

"யாருது இது?"

"ஓசூர்ல ராமராஜன்னு ஒருத்தரு. கூரியர்ல அனுப்பறாரு. அவரேதான் என் எழுத்தையும் போட்டு அனுப்புங்கன்னாரு."

மாணிக்கவேல் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு, கத்தியை முதுகுப் பக்கமாகப் பிடித்து எடுத்தான். சன்னலுக்குக் காட்டினான். அன்றைக்கு வண்டியை நிறுத்திவிட்டு அந்த வீடியோவைப் பார்த்தபோது பிடித்த அதே எரிச்சல் பிடித்தது. ஆனால் இந்த முறை அது சங்கரியின் பக்கம் போகவில்லை. ஓசூரில் முகம் தெரியாத எவனோ ஒருவன், எத்தனையோ கம்பியை முறுக்கி, ஒன்றோடொன்று முறுக்கு சேரும்படி வைத்து, கொஞ்சமும் நழுவாமல் அடித்திருக்கிறான். நடுக்கம் இல்லாத அடி. தன்னால் இது முடியாது. இப்போதைக்கு முடியாது.

"நாலு கம்பியா, ஆறு கம்பியா இது?" என்றான்.

"எனக்கெப்படித் தெரியும்? நான் தொடைக்கறவதானே," என்றாள் சங்கரி.

அதில் குத்தல் இருந்தது. அவன் வாங்கிக்கொண்டான்.

"என்னோடது எப்ப முக்குவ?"

"வியாழக்கிழமை. பாக்கணும்னா வாங்க. சத்தம் போடாம உக்காரணும்."

"வரேன்." கத்தியை மேசையில் வைத்துவிட்டு வாசல்வரை போனவன், செருப்பில் காலை விட்டபடியே நின்றான். "சங்கரி, அந்த ராமராஜன் கத்தி... இன்னும் ஒரே ஒரு தரம் பாத்துக்கறேன்," என்று திரும்ப உள்ளே வந்தான்.